எல்லா லினக்ஸுக்கும் ஒரே அடித்தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் கணினிகளை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இதே பிழைப்பில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் அடையாறில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுவோம். கடந்த இரண்டு கூட்டங்களும் ஒரே வாக்குவாதத்தில் கழிந்தன: லினக்ஸ் வழங்கல்கள், அதாவது டெபியன், உபுண்டு என்று பல பெயர்களில் வரும் லினக்ஸ் தொகுப்புகள், எல்லாம் அடிப்படை விஷயங்களில் ஒரே தரத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா, அவரவர் போக்கில் விட்டுவிடலாமா? அங்கே கேட்கப்பட்டவற்றையும், மறுநாள் தொலைபேசியில் கேட்கப்பட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதை மறைக்கவில்லை.

லினக்ஸ் ஒன்றுதானே? அதற்கு எதற்குப் பொதுத் தரம்?

வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் கெர்னல் மட்டும்தான் ஒன்று. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அதைத்தான். அதன்மேல் அடுக்கப்படும் மற்றதெல்லாம் வழங்கலுக்கு வழங்கல் மாறும். டெபியனும் உபுண்டுவும் டெப் பொதிகளில் மென்பொருளைத் தருகின்றன. ஃபெடோரா, ரெட் ஹேட், சூசே ஆகியவை ஆர்பிஎம் பொதிகளில். கணினி எழுந்தவுடன் சேவைகளைத் தொடங்கிவைக்கும் நிரல், எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்க வேண்டும் என்ற வழக்கம், ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் சி நிரலகம் (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு) என்று வேறுபாடுகளை அடுக்கிக்கொண்டே போகலாம்.

கெர்னலுக்கு ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. புதிய கெர்னல் வந்தால் பழைய நிரல் ஓடாமல் நின்றுவிடக் கூடாது. மீறியவர்களை டோர்வால்ட்ஸ் பலர் அறியத் திட்டியிருக்கிறார். கெர்னலுக்கு மேலே உள்ள அடுக்குகளில் அப்படித் திட்டுவதற்கு ஒருவர் இல்லை. நாங்கள் வாதிட்டது முழுவதும் அந்த அடுக்குகளைப் பற்றித்தான்.

இந்த வேறுபாட்டால் நடைமுறையில் யாருக்கு என்ன நஷ்டம்?

பாரிமுனையில் கீல், தாழ்ப்பாள், பூட்டு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. முன்பக்கம் பில் போடும் இரண்டு கணினிகளில் டெபியன் 11. முதலாளியின் அறையில் உபுண்டு 22.04. மூன்றையும் நான்தான் நிறுவிக் கொடுத்தேன். பில் மென்பொருளை எழுதிய இளைஞர் புதிய பதிப்பைத் தன் மடிக்கணினியில் கம்பைல் செய்து (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றி) பென் டிரைவில் கொண்டுவந்தார். முதலாளி அறையில் ஓடியது. முன்பக்கத்தில் ஓடவில்லை. கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ஜிலிப்சி 2.34 பதிப்பு கிடைக்கவில்லை.

காலை பத்தரை மணி. வாசலில் மூன்று தள்ளுவண்டிகள் சரக்கோடு நிற்கின்றன. முதலாளி கார்பன் தாள் வைத்த பழைய பில் புத்தகத்தை மேசை அறையிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார்: "இதுவும் லினக்ஸ், அதுவும் லினக்ஸ் என்றுதானே தம்பி சொன்னாய்?"

நடந்தது இதுதான். ஜிலிப்சி என்பது பெரும்பாலான வழங்கல்களின் சி நிரலகம். அதில் உள்ள ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஒரு பதிப்பு முத்திரை உண்டு. பழைய நிரலகத்தை வைத்துக் கம்பைல் செய்த நிரல் புதியதில் ஓடும். புதியதை வைத்துச் செய்தது பழையதில் ஓடாது. 2021இல் வந்த 2.34 பதிப்பில் ஒரு நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்கே புது முத்திரை குத்திவிட்டார்கள். ஆகவே, வணக்கம் என்று மட்டும் அச்சிடும் ஐந்து வரி நிரல்கூட, 2.35 உள்ள உபுண்டு 22.04இல் கம்பைல் செய்தால், 2.31 உள்ள டெபியன் 11இல் ஓட மறுக்கும். இளைஞரின் நிரலில் பிழை எதுவும் இல்லை. டெபியன் 11 கணினியிலேயே உட்கார்ந்து மறுபடி கம்பைல் செய்தோம், மூன்றிலும் ஓடியது. மதியம் ஒன்றரை ஆகிவிட்டது.

பெரிய ஆட்களுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

டோர்வால்ட்ஸுக்கே உண்டு. ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்காக அவர் ஒரு மென்பொருள் எழுதினார். 2014இல் டெபியன் மாநாட்டு மேடையிலேயே அதை வைத்துக் குறைபட்டுக்கொண்டார்: விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஆயத்தக் கோப்பு கொடுக்கிறோம், லினக்ஸுக்குக் கொடுப்பதில்லை, வழங்கலுக்கு வழங்கல் தனியாகச் செய்வது அவ்வளவு பெரிய தலைவலி என்று. சொன்ன வார்த்தைகள் இதைவிடக் காரமானவை.

இதற்குமுன் யாரும் தரம் வகுக்கவில்லையா?

வகுத்தார்கள். முறையாக, பொறுமையாக, பல ஆண்டுகள் உழைத்து வகுத்தார்கள். 1994இலேயே எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை வந்தது. பின்னாளில் அது எஃப்எச்எஸ் என்ற பெயரில் வளர்ந்தது. அமைப்புக் கோப்புகள் ஈடிசி (etc) அடைவில், பதிவேடுகள் வார் (var) அடைவில் என்று இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு தேடுவது அதன் புண்ணியம்.

அடுத்து வந்ததுதான் பெரிய கனவு: லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ், சுருக்கமாக எல்எஸ்பி. முதல் பதிப்பு 2001இல் வெளியானது. எந்த நிரலகம் இருக்க வேண்டும், அதில் எந்தச் செயற்கூறு என்ன பெயரில் இருக்க வேண்டும், எந்தக் கட்டளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். சோதனை நிரல்கள் இருந்தன, சான்றிதழ் இருந்தது, 2006இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக்கே ஒரு கட்டத்தில் அந்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். எல்எஸ்பிக்கு இணங்கிய வழங்கலில் எல்எஸ்பிக்கு இணங்கிய மென்பொருள் ஓடியே தீரும் என்பது வாக்குறுதி.

எங்கே இடித்தது? முதலில், பொதி வடிவமாக ஆர்பிஎம்மை நிர்ணயித்தார்கள். டெபியன்காரர்களுக்கு அது மாற்றான் வீட்டுச் சாப்பாடு. அதை டெப் ஆக மாற்றித்தரும் ஒரு கருவியை வைத்துச் சமாளித்தார்கள். இரண்டாவது, எழுத்தில் இருக்கும் தரம் மெதுவாக நகரும், நிரல் நிற்காமல் ஓடும். வரையறை ஒரு பதிப்பு நிரலகத்தை விவரித்து முடிப்பதற்குள் வழங்கல்கள் அடுத்த பதிப்புக்குப் போயிருக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: யாருக்காக இந்தத் தரமோ அவர்கள் வரவில்லை. 2015இல் டெபியனில் எல்எஸ்பி பொதியைப் பராமரித்தவர், சான்று பெற்ற பயன்பாடுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு எண்ணிச் சொன்னார்: ஆறு நிறுவனங்களின் எட்டுப் பயன்பாடுகள். அவ்வளவுதான். அதே ஆண்டில் 5.0 பதிப்பும் வந்தது, டெபியன் அதைக் கைகழுவியதும் நடந்தது.

எல்எஸ்பியை நான் கேலி செய்யமாட்டேன். தன் காலத்தில் சி நிரலகத்தையும் சில அடிப்படைக் கட்டளைகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அரசாணை வந்துவிட்டதால் மட்டும் தெருவில் குப்பை குறைந்துவிடாது என்பது சென்னைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிறுவனங்களே சேர்ந்து ஒரே லினக்ஸ் செய்திருக்கலாமே?

செய்தார்கள். 2002இல் கால்டேரா, கொனெக்டிவா, சூசே, டர்போலினக்ஸ் நால்வரும் யுனைடெட் லினக்ஸ் என்று கைகோத்தார்கள். கால்டேரா எஸ்சிஓ என்று பெயர் மாற்றிக்கொண்டு 2003இல் லினக்ஸ் தொடர்பாக ஐபிஎம் மீதே வழக்குப் போட்டது. கூட்டணி அத்துடன் படுத்துவிட்டது.

பிறகு இன்று காணும் ஒற்றுமை எப்படி வந்தது?

யாரும் எழுதிவைத்து வரவில்லை. கணினி எழுந்தவுடன் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் வழியாக வந்தது.

பழைய முறையில் ஒரு சேவையைத் தொடங்க, நிறுத்த, மறுபடி தொடங்க, கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஷெல் நிரல் வேண்டும். அது ரெட் ஹேட்டில் ஒரு மாதிரி, டெபியனில் வேறு மாதிரி, சூசேயில் இன்னொரு மாதிரி. ஒரு சிறு அச்சுப்பொறிச் சேவைக்காக நான் 2009 வாக்கில் எழுதிய நிரல் இன்னும் என்னிடம் இருக்கிறது: 74 வரிகள். அதில் உருப்படியான வேலை செய்வது ஐந்து வரி. மற்றதெல்லாம் செயல் எண் எழுதிய கோப்பு இருக்கிறதா, இருந்தால் அந்தச் செயல் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று துழாவுவது. இன்று அதே சேவைக்கு ஒன்பது வரிக் கோப்பு போதும். டெபியன், ஃபெடோரா, சூசே மூன்றிலும் எழுத்து மாறாமல் அதே ஒன்பது வரி.

லென்னார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் என்ற இரு நிரலாளர்கள் 2010இல் சிஸ்டம்டியைத் தொடங்கினார்கள். 2011இல் ஃபெடோரா 15 ஏற்றது. டெபியனில்தான் குருக்ஷேத்திரம். தொழில்நுட்பக் குழுவின் எட்டுப் பேரும் நான்குக்கு நான்காகப் பிரிந்து, 2014 பிப்ரவரியில் தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி வென்றது. போட்டியாகத் தன் சொந்த நிரலை வைத்திருந்த உபுண்டுவும் அதைக் கைவிட்டு இந்தப் பக்கம் வந்தது. ஏற்காதவர்கள் பிரிந்து போய் டெவுவான் என்ற தனி வழங்கலைத் தொடங்கினார்கள். அது இன்றும் வருகிறது.

எதிர்த்தவர்கள் எல்லாம் பழமைவாதிகள் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களின் கேள்வி நியாயமானது: சேவை தொடங்கும் நிரல் என்று வந்தது, பதிவேடு, உள்நுழைவு, சாதனங்கள், கடிகாரம், வலைப் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்கிறதே, நாளை பிடிக்கவில்லை என்றால் எதைக் கழற்றுவது? எழுதப்பட்ட தரம் என்றால் அதற்கு நான்கு பேர் நான்கு நிரல் எழுதலாம். நிரலே தரம் ஆகிவிட்டால், அந்த நிரலின் வாசலில் நிற்பவர்தான் தரத்தைத் தீர்மானிப்பார்.

கணினி தெரியாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

தமிழ் எழுத்துருக் கதையைச் சொல்லுங்கள். 2000க்கு முன்னும் பின்னும் கணினியில் தமிழ் தட்டியவர்களுக்கு அது நினைவிருக்கும். பாமினி ஒன்று, டிஸ்கி ஒன்று, பத்திரிகைக்குப் பத்திரிகை சொந்தமாக ஒன்று. ஒருவர் அனுப்பிய கட்டுரையை வேறு எழுத்துருவில் திறந்தால் பூச்சி பறக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. அதன் பிறகும் குழப்பம் தீரவில்லை. கடைசியில் யூனிகோடு வென்றது, அதுவும் விண்டோஸ், உலாவி, கைபேசி என்று வாங்கும் பொருளுக்குள்ளேயே உட்கார்ந்து வந்துவிட்டதால். இத்தனைக்கும் யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது 2010இல்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கிய முறை தேவநாகரியை மனத்தில் வைத்து வகுத்த, இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றியது. அதனால் 'க்' என்ற ஒரு மெய்யெழுத்துக்கு இரண்டு குறியெண்கள் செலவாகின்றன. நம் அறிஞர்கள் சுட்டிக்காட்டினார்கள், டேஸ்16 என்ற மாற்றையும் வகுத்தார்கள், யூனிகோடு அசையவில்லை. எல்லாரும் ஏற்றுக்கொண்ட பிறகு தரத்தின் பிழையும் எல்லாருக்கும் பொதுச்சொத்து.

எல்லாரும் ஒரே நிரலில் நின்றால் பாதுகாப்பு என்ன ஆகும்?

2024 மார்ச் 29ஐ நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. எக்ஸ்இசட் என்பது கோப்பைச் சுருக்கும் ஒரு சிறு நிரலகம். அதன் பராமரிப்பில் பங்கேற்று, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை ஒளித்துவைத்தார். குறி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவை.

சுருக்கும் நிரலகத்துக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் என்ன உறவு? மூலத்தில் எந்த உறவும் இல்லை. சேவை தயாராகிவிட்டது என்று சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல, டெபியனும் ஃபெடோராவும் எஸ்எஸ்எச்சில் ஓர் ஒட்டு (மூல நிரலில் தாங்களே செய்த சிறு மாற்றம்) போட்டிருந்தன. அந்த ஒட்டு சிஸ்டம்டி நிரலகத்தை இழுத்தது, அது எக்ஸ்இசட்டை இழுத்தது. பின்வாசலும் டெப் அல்லது ஆர்பிஎம் பொதி கட்டப்படும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த ஒட்டைப் போடாத ஆர்ச் லினக்ஸில் எஸ்எஸ்எச் தப்பித்தது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் குடைந்து பார்த்ததால்தான் நிலையான பதிப்புகளை எட்டுமுன் இது வெளியே வந்தது.

வேறுபாடு வேண்டும் என்பவர்களின் மிக வலுவான சான்று இதுதான். ஆனால் பத்து வழங்கல்கள் பத்து விதமாக இருந்தால் பத்தையும் யார் இப்படிக் குடைந்து பார்ப்பார்கள் என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். அன்று தேநீர் ஆறிப்போனது.

பொதி வடிவத்தையாவது ஒன்றாக்கலாமே?

வேண்டாம். டெப்பா ஆர்பிஎம்மா என்பது மேலுறை. உள்ளே இருக்கும் நிரலகப் பதிப்பு ஒத்துப்போகாவிட்டால் உறை ஒன்றாக இருந்து பயனில்லை. அதனால்தான் ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் போன்றவை வந்தன. தேவையான நிரலகங்களையும் சேர்த்துக் கட்டியோ பொதுவாக ஒன்றைத் தந்தோ வழங்கலைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பயன் உண்டு. ஆனால் ஒரு சிறு எழுதுகருவிக்காகச் சில நூறு மெகாபைட் இறங்கும்போது, மாதக் கடைசியில் தரவு அட்டை போடும் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது? அப்படிப் பெட்டிக்குள் அடைத்து வந்த ஒரு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. வெளியே எல்லாவற்றிலும் தட்டியது, அதற்குள் மட்டும் ஆங்கிலம்தான்.

பாஸ் லினக்ஸ் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தரும் பாஸ் லினக்ஸ் டெபியன்மேல் கட்டப்பட்டது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே பல பள்ளி மாணவர்கள் கைக்கு வந்தது. டெபியன் எதை முடிவு செய்கிறதோ அது பாஸுக்கும் வந்து சேரும். நம் குரல் எடுபட வேண்டுமானால் டெபியனில் பேச வேண்டும்.

சத்தமில்லாமல் வெற்றி பெற்ற தரம் ஏதாவது?

ஓஎஸ்-ரிலீஸ் என்ற சின்னஞ்சிறு கோப்பு. இது எந்த வழங்கல், எந்தப் பதிப்பு என்று நிரலுக்குச் சொல்வது அதன் வேலை. முன்பு இதற்கு ரெட் ஹேட்டில் ஒரு கோப்பு, டெபியனில் ஒரு கோப்பு, சூசேயில் ஒரு கோப்பு. கண்டுபிடிக்கவே நான் பதினான்கு வரி எழுதிவைத்திருந்தேன். 2012 வாக்கில் சிஸ்டம்டிக்காரர்கள் ஒரே பெயரில் ஒரே இடத்தில் வைப்போம் என்றார்கள். சிஸ்டம்டியை ஏற்காத ஆல்பைன், ஸ்லாக்வேர் வழங்கல்களும்கூட அதை வைத்திருக்கின்றன. யாருக்கும் கசக்கவில்லை, ஏனெனில் அது கேட்டது ஒரு கோப்பு மட்டுமே.

நிரல்கள் இருக்கும் 'பின்' (bin) அடைவையும், 'யுஎஸ்ஆர்' (usr) அடைவுக்குள் இருக்கும் 'பின்' அடைவையும் ஒன்றாக்கியதையும் சேர்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ஒரு வட்டு நிரம்பிவிட்டதால் பிரிந்தவை அவை என்பார்கள். ஃபெடோரா 2012இல் சேர்த்தது. டெபியன் 2023இல்தான் கட்டாயமாக்கியது. பாகப்பிரிவினையைவிடப் பாகம் சேர்ப்பதுதான் கடினம் போலும்.

அப்படியானால் நீங்கள் எந்தப் பக்கம்?

தரம் வேண்டும் என்கிற பக்கம், ஆனால் இடைமுகத்தோடு நிற்கட்டும். கோப்பின் பெயர், இடம், வடிவம், சேவைக் கோப்பின் எழுத்துமுறை ஆகியவை எல்லா வழங்கலிலும் ஒன்றாக இருக்கட்டும். அதைப் படித்து நடக்கும் நிரல் எதுவாக இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த ஒன்பது வரிக் கோப்பைச் சிஸ்டம்டி அல்லாத ஒரு நிரலும் படிக்க முடிந்தால், டெவுவான்காரரோடு எனக்குச் சண்டையே இல்லை.

என் மென்பொருள் எல்லா வழங்கலிலும் ஓட இன்று என்ன செய்யலாம்?

உங்கள் வாடிக்கையாளர்களிடம் உள்ளவற்றில் மிகப் பழைய வழங்கல் எது என்று பாருங்கள். அதைக் கன்டெய்னரில் (உங்கள் கணினிக்குள்ளேயே தனித்து ஓடும் ஒரு சூழலில்) ஏற்றி, அதற்குள் கம்பைல் செய்யுங்கள். பைத்தான் உலகம் 2016 முதல் மெனிலினக்ஸ் என்ற பெயரில் இதைத்தான் செய்கிறது. முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது சென்ட்ஓஎஸ் 5. உங்கள் நிரல் ஜிலிப்சியின் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்பதை ஆப்ஜ்டம்ப் கட்டளை காட்டிவிடும். கடைக்குக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்பைனுக்குத் தனியாகத்தான் செய்ய வேண்டும், அதன் சி நிரலகம் மஸ்ல்.

பாரிமுனைக் கடைக்கு இப்போது டெபியன் 11 கன்டெய்னரில்தான் கம்பைல் செய்கிறோம். முன்பக்கக் கணினிகளை டெபியன் 12க்கு ஏற்றலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். தீபாவளிக் கணக்கு முடியட்டும் என்றார். கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் இன்னும் மேசை அறையிலேயே இருக்கிறது.